மேட்ச் பேரல் போட்டா குறி தப்பாதா? ரைஃபிள் கனவில் இருக்கும் மணலி பசங்களுக்கு ஒரு கணக்கு!

ரீல்ஸில் அடிக்கடி வரும் காட்சிதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மேஜை மேல் பாகங்களைப் பரப்பி வைத்து, ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைத் தன் கையாலேயே கோக்கிறார். கடைசியில் பளபளவென்று ஒரு குழாயைத் தூக்கிக் காட்டி, ``வேற எதுல வேணா மிச்சம் பண்ணுங்க, மேட்ச் பேரல்ல மட்டும் பண்ணாதீங்க'' என்கிற மாதிரி ஏதோ சொல்வார். அடுத்த காட்சியில், அட்டையில் ஐந்து ஓட்டைகளும் ஒரே ஓட்டையாகத் தெரியும். உங்களுக்குக் கை துறுதுறுக்கும்!

துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாக எடுத்துக்கொள்ள ஆசைப்படுபவரா நீங்க? மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடா? அப்படின்னா அந்த வீடியோவில் பாதி உங்களுக்கு உதவும், மீதி உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். எந்தப் பாதி எதுன்னு பிரிச்சுப் பார்த்துடலாம் வாங்க.

முதல்ல சட்டம்... அப்புறம்தான் மத்ததெல்லாம்!

இந்தியாவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் என்பது சாதாரணக் குடிமக்களுக்கான பொருள் கிடையாது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன்னொரு விஷயத்தையும் தெளிவாகச் சொல்கிறது. `ஆயுதம்' என்றால் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல, அதன் பாகங்களும் ஆயுதம்தான். `நான் பேரல் மட்டும்தானே பார்சல்ல வரவெச்சேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நம்ம ஏரியாவுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மணலியில் தெருவுக்கொரு லேத்து பட்டறை. அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ யாராவது ஒருத்தர் மெஷின் ஓட்டுபவராக இருப்பார். `ஒரு ராடை வாங்கி ட்ரில் போட்டா பேரல்தானே' என்று விளையாட்டாகக்கூட இறங்கிடாதீங்க. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ, அதன் பாகமோ தயாரித்தால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி குறைந்தபட்சம் 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பட்டறையும் போகும், வாழ்க்கையும் போகும்.

சரி, அப்போ கதவு மூடியாச்சா? இல்லை. 4.5 மி.மீ-க்கு மேற்படாத குழல், 20 ஜூல்-க்கு மேற்படாத வேகசக்தி... இந்த இரண்டு எல்லைக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில் போட்டு வாங்கலாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டியில் சுடுவது இந்த வகைதான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012 லண்டனில் ககன் நரங் வெண்கலம் வாங்கியதும் இதே போட்டியில்தான். ககன் நரங் பிறந்தது நம்ம சென்னையில். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் இதே பிரிவில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்.

எனவே, அந்த வீடியோவில் `கோக்கிற' பாதியை விட்டுடுங்க. `பேரல்' பாதியை மட்டும் எடுத்துக்கலாம். ஏன்னா, பேரல் பற்றிய அறிவு எந்தத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்.

உங்க ஊர் புல்லட்டுக்குள்ள ஒரு பேரல் கதை

திருவொற்றியூர்க்காரர்களுக்கு ராயல் என்ஃபீல்டு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்து கம்பெனியோடு கைகோத்து `என்ஃபீல்டு இந்தியா' தொடங்கியது. புல்லட் இந்தத் திருவொற்றியூரிலிருந்துதான் ஊரெல்லாம் ஓடியது. ஆனா, `என்ஃபீல்டு' என்பது என்ன பெயர்?

லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊர். அங்கே பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு உதிரி பாகங்கள் செய்துகொடுத்த ரெட்டிச் ஊர் கம்பெனிதான், அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு `ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தது. `துப்பாக்கியைப்போலச் செய்யப்பட்டது' என்ற பொருளில் வரும் அதன் விளம்பர வாசகமும், பீரங்கிச் சின்னமும் அப்படி வந்தவைதான்.

இன்னும் சுவாரஸ்யம் இருக்கு. நம்மூர் போலீஸ்காரர்கள் கையில் நெடுங்காலம் இருந்த `லீ-என்ஃபீல்டு' ரைஃபிளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரில் `லீ' என்பது குண்டை ஏற்றும் அமைப்பை வடிவமைத்தவர். `என்ஃபீல்டு' என்பது பேரலுக்குள் வெட்டிய வரிப்பள்ளத்தின் பெயர். அதற்கு முந்தைய மாடலில் மெட்ஃபோர்டு என்பவர் வடிவமைத்த ஆழம் குறைந்த பள்ளங்கள் இருந்தன. கார்டைட் என்ற புது வெடிமருந்து வந்ததும், அதன் சூட்டில் அந்தப் பள்ளங்கள் சீக்கிரமே அரித்துப்போயின. உடனே என்ஃபீல்டு தொழிற்சாலை கொஞ்சம் ஆழமான 5 பள்ளங்களைக் கொண்ட பேரலைக் கொண்டுவந்தது. 1895-ல் துப்பாக்கியின் பெயரே மாறிப்போனது.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கலாம். தனியாக `நல்ல பேரல்' என்று ஒன்று கிடையாது. எந்தக் குண்டு, எந்த மருந்து, எந்த வேலை என்பதோடு பொருந்தினால்தான் அது நல்ல பேரல்.

பேரலுக்குள்ள என்னதான் நடக்குது?

பம்பரத்தைச் சும்மா தரையில் நிறுத்தினால் விழுந்துவிடும். சுற்றிவிட்டால் நிற்கும். குண்டுக்கும் அதே கதைதான். பேரலின் உள்சுவரில் திருகலாக வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குப் பெயர் ரைஃபிளிங். அதில் கவ்விக்கொண்டு வெளியேறும் குண்டு, சுழன்றபடியே போவதால் தலைகுப்புறக் கவிழாமல் நேராகப் போகிறது.

எத்தனை இன்ச் தூரத்தில் ஒரு முழுச் சுற்று வரும் என்பதற்குப் பெயர் `ட்விஸ்ட்'. ஏர் ரைஃபிளிலும் பாயின்ட் 22 ரைஃபிளிலும் இது பொதுவாக 16 இன்ச்சை ஒட்டி இருக்கும். போட்டி ஏர் ரைஃபிளிலிருந்து பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறும். கணக்குப் போட்டால், அந்தக் குட்டி ஈயத்துண்டு நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் வேகத்தில் போகிறது!

ராணுவ ரைஃபிள்களில் இந்த அளவு வேறு. அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளில் முதலில் 12 இன்ச்சுக்கு ஒரு சுற்று இருந்தது. பிறகு, நீளமான, கனமான குண்டு வந்ததும் 7 இன்ச்சுக்கு ஒரு சுற்று என்று மாற்றினார்கள். குண்டு நீளமானால் அதை நிலையாக வைக்க வேகமான சுழற்சி வேண்டும். `ட்விஸ்ட் அதிகமா இருந்தா சூப்பர்' என்று யாராவது கமென்ட்டில் எழுதினால், சிரித்துவிட்டு நகருங்கள்.

`மேட்ச்' பேரல்னா என்ன?

லேத்து ஓட்டும் உங்க மாமாவிடம் கேட்டுப் பாருங்க. 40 சென்டிமீட்டர் நீளக் கம்பியில், நாலரை மில்லிமீட்டர் ஓட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சென்டர் விலகாமல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவரே சொல்வார். ட்ரில் நீளமாகப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கும். அப்புறம் ரீமர் விட்டு உள்ளளவைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் வரிப்பள்ளம்.

பள்ளம் போட மூன்று முக்கிய வழிகள் உண்டு. கொக்கி மாதிரி வெட்டியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பள்ளமாக மெல்ல மெல்லச் செதுக்குவது ஒரு வழி. கார்பைடு `பட்டனை' உள்ளே அழுத்தி இழுத்து, உலோகத்தை நெருக்கிப் பள்ளம் பதிப்பது இரண்டாவது. உள்ளே அச்சுக்கம்பியை வைத்துவிட்டு, வெளியே சுற்றிலும் சுத்தியலால் அடித்து உருவாக்குவது மூன்றாவது. பட்டன் முறையில் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடும் என்பதால், சூடேற்றி அதைத் தளர்த்துவார்கள். கடைசியில் ஈய உருளையில் பொடி தடவி உள்ளே முன்னும் பின்னும் ஓட்டி மெருகேற்றுவார்கள். புல்லட் சிலிண்டருக்கு ஹோனிங் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

மூன்று வழியிலும் நல்ல பேரல் வரும், மூன்றிலும் மோசமான பேரலும் வரும். `மேட்ச்' என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் ஒன்றுதான். முதல் சென்டிமீட்டரில் இருந்த உள்ளளவு கடைசிவரை மாறாமல் இருக்கணும். ஒவ்வொரு குண்டையும் ஒரே மாதிரி வெளியே அனுப்பணும். பவர் இல்லை, நீளம் இல்லை, பளபளப்பு இல்லை... `மாறாமை'தான் மேட்டர்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய 5 விஷயங்கள்

* நீளம்: நீளமான பேரல் என்றால் குறி அதிகம் என்பது தப்பு. போட்டி ஏர் ரைஃபிள்களில் வரிப்பள்ளம் உள்ள பேரல் பெரும்பாலும் 42 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு முன்னால் நீண்டு தெரிவது வெறும் வெளிக்குழாய். முன் சைட்டைத் தள்ளி வைத்து, குறிபார்க்க வசதியாக்குவதற்கான ஏற்பாடு.

* முனை: குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறும் இடம் இது. `கிரவுன்' என்பார்கள். இங்கே ஒரு பக்கம் மட்டும் சின்னதாக நசுங்கியிருந்தாலும், காற்று அந்தப் பக்கம் முதலில் தப்பித்து பெல்லட்டின் வாலைத் தள்ளிவிடும். ஓட்டை முனையைச் சுற்றி ஒரு காட்டன் பட்ஸைத் தேய்த்துப் பாருங்க. பஞ்சு நூல் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கு.

* சோக்: பல ஏர் ரைஃபிள் பேரல்களில் முனைக்குக் கொஞ்சம் முன்னால் குழல் மயிரிழை அளவு குறுகும். அளவில் சின்ன வித்தியாசம் உள்ள பெல்லட்களையும் கடைசியில் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வேலை இது. இருந்தால் நல்லது.

* பிடிமானம்: பேரலை நடுவில் உடைத்து மடக்கும் ஸ்பிரிங் ரைஃபிளில், அந்தக் கீல் ஆடினால் எவ்வளவு நல்ல பேரலும் வீண். குறி பார்ப்பது ஒரு பக்கம், பேரல் பார்ப்பது வேறு பக்கம். பேரல் நிலையாக இருக்கும் மாடல்கள் இந்த விஷயத்தில் பாதுகாப்பு.

* தொடாத பேரல்: நல்ல ரைஃபிளில் பேரல், கட்டையின் முன்பகுதியைத் தொடாமல் தனித்து நிற்கும். சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால், நடுவில் எதுவும் இடிக்கக் கூடாது.

இதைச் சோதிக்கும்போதெல்லாம் ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்க. முனை எப்போதும் ஆள் இல்லாத திசையில்தான். இதில் மட்டும் விளையாட்டு கிடையாது.

பேரலுக்கு ஜாதகப் பொருத்தம்: பெல்லட்!

ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் நம்பர் கொண்ட இரண்டு ரைஃபிள்களுக்குக்கூட ஒரே பெல்லட் பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. 4.5 மி.மீ என்று டப்பாவில் இருந்தாலும், போட்டி பெல்லட்கள் தலை அளவில் 4.49, 4.50, 4.51 என நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தனித்தனியாக விற்கப்படுகின்றன. எடை சுமார் 0.53 கிராம். தலை தட்டையாக இருக்கும். அட்டையில் பஞ்ச் போட்ட மாதிரி சுத்தமான ஓட்டை விழுவதற்காக.

அதனால், புது ரைஃபிளில் குறி சிதறினால் உடனே பேரலைத் திட்டாதீங்க. முதலில் நாலைந்து வகை பெல்லட்டை வாங்கிப் போட்டுப் பாருங்க. எது பொருந்துகிறதோ, அதே தயாரிப்பு எண் கொண்ட டப்பாக்களைக் கொஞ்சம் சேர்த்து வாங்கி வையுங்க. பல லட்சம் கொடுத்துப் புது ரைஃபிள் வாங்குவதைவிட, சில ஆயிரத்தில் பெல்லட் மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

டெஸ்ட் பண்றது எப்படி?

ரைஃபிளை மெத்தையான தாங்கியில் வைத்து, அல்லது கிளப்பில் இருந்தால் கிளாம்ப்பில் பிடித்து, 10 மீட்டரில் ஒரே புள்ளியைப் பார்த்துச் சுடுங்க. ஓட்டைக் கூட்டத்தின் இரண்டு ஓரங்களுக்கு நடுவே இருக்கும் அதிகபட்ச தூரத்தை அளந்து, அதிலிருந்து பெல்லட் அளவான 4.5 மி.மீ-யைக் கழியுங்க. கிடைப்பது, மையத்துக்கு மையம் உள்ள சிதறல். அட்டையில் ஓரத்துக்கு ஓரம் 6.5 மி.மீ இருந்தால், சிதறல் 2 மி.மீ.

மூன்று குண்டு சுட்டுவிட்டு `ஒரே ஓட்டை மச்சி' என்று ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. மூன்று குண்டு ஒன்றாக விழுவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். குண்டு கூடக் கூடச் சிதறல் பெரிதாகத்தான் ஆகுமே தவிர, சுருங்காது. ஒவ்வொரு பெல்லட்டுக்கும் 10 குண்டுகள் வீதம் மூன்று அட்டை சுட்டால்தான் நம்பலாம். போட்டி ரைஃபிள் வாங்கும்போது பெட்டிக்குள் ஃபேக்டரி சுட்டுப் பார்த்த அட்டை பெரும்பாலும் இருக்கும். அதையும் பத்திரமா வெச்சுக்கோங்க.

இப்போ கணக்கு: பேரல் எவ்வளவு, உங்க கை எவ்வளவு?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையின் நடுவில் இருக்கும் 10-வது வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஆனால், பெல்லட் ஓட்டை அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அதாவது ஓட்டையின் மையம் 2.5 மி.மீ வரை விலகலாம். அதற்குள்ளே, ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் நெருங்கும்போதும் 0.1 மார்க் கூடும். அதிகபட்சம் 10.9. 60 குண்டுகள் என்றால் 654.

உங்க ரைஃபிளின் சிதறல் 2 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 1 மி.மீ. அப்படியென்றால், உங்க கை ஆடாமல் இருந்தால், மோசமான குண்டுகூட 10.6 வாங்கும். ரைஃபிள் உங்களுக்குத் துரோகம் செய்யவில்லை என்று அர்த்தம்.

இப்போது உங்க கையைச் சேர்ப்போம். பேரலின் சிதறலும் கையின் சிதறலும் அப்படியே கூடாது. இரண்டையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். பத்தாம் வகுப்பு பித்தாகரஸ்தான்!

ஆரம்பத்தில் உங்க கையின் சிதறல் 8 மி.மீ என்று வைப்போம். ரைஃபிள் 2 மி.மீ என்றால், மொத்தம் சுமார் 8.2. காசைக் கொட்டி 1 மி.மீ ரைஃபிள் வாங்கினால், மொத்தம் சுமார் 8.1. அவ்வளவு செலவுக்கு வித்தியாசம் வெறும் 0.1 அல்லது 0.2 மி.மீ!

அதே நேரம், 10 மி.மீ சிதறும் மலிவு ஸ்பிரிங் ரைஃபிளோடு நீங்கள் மல்லுக்கட்டினால் மொத்தம் 12.8. இங்கே தப்பு உங்களுடையதா, ரைஃபிளுடையதா என்றே தெரியாது. கோச் சொல்லிக்கொடுப்பது வேலை செய்கிறதா என்றும் தெரியாது. பல பேர் மனசு விட்டு ஒதுங்குவது இங்கேதான்.

ஆறு மாதமோ, ஒரு வருடமோ கழித்து உங்க கை 3 மி.மீ-க்கு வந்துவிட்டது என்றால் கதை மாறும். 2 மி.மீ ரைஃபிளில் மொத்தம் 3.6, 1 மி.மீ ரைஃபிளில் 3.2. பதக்கத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவே தசமப் புள்ளிகள்தான் இருக்கும் விளையாட்டில், இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம்.

ஆக, மேட்ச் பேரல் தேவையா என்பதற்கான பதில் கடையில் இல்லை, உங்க ஸ்கோர் நோட்டில் இருக்கு. ஆரம்பத்தில் மோசமில்லாத பேரல் போதும். கை முந்திய பிறகுதான் சிறந்த பேரல்.

செகண்ட் ஹேண்டா? உப்புக்காத்து உஷார்!

பழைய போட்டி ரைஃபிளை வாங்குவதில் தவறில்லை. ஏர் ரைஃபிளில் வெடிமருந்துச் சூடு கிடையாது. குண்டும் மென்மையான ஈயம். அதனால் பேரல் தேய்வது ரொம்பக் குறைவு. உண்மையான எதிரி துரு. கடற்கரையும் ஆலைகளும் சேர்ந்த நம்ம பக்கத்தில் கேட் கம்பியே எப்படி அரிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள்.

வாங்கும் முன், ஒரு பெல்லட்டைப் பின்பக்கமிருந்து கிளீனிங் ராடால் மெதுவாகத் தள்ளிப் பாருங்க. சீராகப் போகணும். நடுவில் திடீரென்று லூஸாவதும், பிடிப்பதும் கெட்ட சகுனம். காற்றுச் சிலிண்டரின் காலாவதித் தேதியைப் பாருங்க. தேதி முடிந்த சிலிண்டரைச் சர்வதேசப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், பாதுகாப்பும் இல்லை.

வாங்கிய பிறகு, கை வேர்வையைத் துடைத்து, வெளிப்பக்கம் லேசாகத் துப்பாக்கி எண்ணெய் தடவி, பையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க. உள்ளே எண்ணெய் ஊற்றக் கூடாது. பித்தளை பிரஷும் வேண்டாம்; ஃபெல்ட் துண்டு போதும்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். போட்டி ரைஃபிள் சிலிண்டரில் 200 பார் அளவுக்குக் காற்று அடைக்க வேண்டியிருக்கும். `பக்கத்து வெல்டிங் பட்டறையில ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கே' என்று யாராவது ஐடியா கொடுத்தால் ஓடிடுங்க. அந்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் கிரீஸும் சேர்ந்தால் வெடிக்கும். சாதாரணக் காற்று மட்டும்தான். அதுவும் அதற்கென்று உள்ள பம்ப்பிலோ, கிளப்பிலோ மட்டும்.

அதே மாதிரி, `ஸ்பிரிங் மாத்தி பவர் ஏத்தித் தரேன்' என்பவர்களிடமும் போகாதீங்க. போட்டி ரைஃபிளின் சக்தி 8 ஜூல்-க்கும் கீழேதான். அதுவே ஒலிம்பிக்குக்குப் போதும். 20 ஜூல் தாண்டிவிட்டால் உங்க கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். எண்ணூர் கழிமுகத்தில் நாரை, கொக்கு மேல் குறிவைப்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மொட்டைமாடியும் ரேஞ்ச் கிடையாது. பெல்லட் தெறித்தால் போவது பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்.

காசை எந்த வரிசையில செலவு பண்றது?

வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் ஒன்றுக்குச் சில லட்சம் ஆகும். ஒப்பந்த வேலை பார்க்கும் அப்பாவின் பி.எஃப் பணத்தில் கைவைக்கும் முன், இந்த வரிசையைப் பாருங்க.

1. முதலில் கிளப். சென்னை ரைஃபிள் கிளப் போன்ற முறையான இடத்தில் சேர்ந்து, அங்கே இருக்கும் ரைஃபிளில் பழகுங்க. வயசு கம்மின்னா பெற்றோரையும் கூட்டிட்டுப் போங்க.

2. அடுத்தது கோச்சும் நேரமும். குண்டே போடாமல், நின்று குறிபார்த்து டிரிகர் அழுத்தும் பயிற்சிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. உங்க 8 மி.மீ-யை 5 ஆக்குவது இதுதான்.

3. பிறகு, உங்க உடம்பு அளவுக்குச் சரியான ஜாக்கெட், ஷூ, கையுறை. முதுகைத் தாங்கும் ஜாக்கெட், புது பேரலைவிட அதிக மார்க் தரும்.

4. அதற்கடுத்து பெல்லட். பொருத்தமானதைத் தேடிக் கண்டுபிடிப்பது.

5. கடைசியாகச் சொந்த ரைஃபிள். அதுவும், கிளப் ரைஃபிளை கிளாம்ப்பில் வைத்துச் சுட்ட சிதறலுக்குப் பக்கத்தில் உங்க கையின் சிதறல் வந்து நிற்கும்போது.

இந்த விளையாட்டு, வேலைக்கும் வழி திறக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்த 50 மீட்டர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவை. ஆனால், முறையாகப் போட்டிகளில் தகுதி காட்டும் வீரர்களுக்கு ஆயுத விதிகளிலேயே தனி வழி இருக்கு. 10 மீட்டரில் ஸ்கோர் சேர்த்தால், அந்தக் கதவும் நேர்வழியில் திறக்கும்.

அதனால, இன்னைக்கே ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. கிளப்பில் சேர்ந்த முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு அட்டையின் சிதறலையும் மி.மீ-யில் எழுதி வையுங்க. பேரல் மாத்தணுமா, வேண்டாமான்னு ரீல்ஸ் சொல்ல வேண்டாம்... அந்த நோட்டு சொல்லும்!